ஓடிக்கொண்டே தன்னை மாற்றிக்கொள்ளும் இயங்குதளம்

பெர்க்லி யூனிக்ஸ் என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்த இரண்டு திறந்தமூல இயங்குதளங்கள் புதியவருக்கு நேரெதிரான அறிவுரை சொல்கின்றன. ஃப்ரீபிஎஸ்டியின் கையேடு, மூலநிரலை இறக்கி நம் கணினியிலேயே தொகுத்து அமைப்பு முழுவதையும் மேம்படுத்தும் முறையைக் கட்டளை கட்டளையாக விளக்குகிறது. ஓபன்பிஎஸ்டியின் ஆவணங்களோ, ஒரு வெளியீட்டிலிருந்து அடுத்த வெளியீட்டுக்கு மூலநிரலைத் தொகுத்துப் போகும் வழிக்குத் தாங்கள் ஆதரவு தருவதில்லை என்கின்றன. குழுவே தொகுத்துத் தரும் பைனரிகளை நிறுவிக்கொள்ளச் சொல்கின்றன. மூலநிரலை வரி வரியாகத் தணிக்கை செய்வதற்கே பெயர்பெற்ற குழு ஓபன்பிஎஸ்டி. அவர்கள் ஏன் வேண்டாம் என்கிறார்கள், மற்றவர்கள் ஏன் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் இந்த வேலையில் எது கடினம் என்பது புலப்படும். தொகுப்பதுதான் கடினம் என்று புதியவர்கள் அஞ்சுகிறார்கள். தொகுப்பது கணினியின் வேலை, நாம் காத்திருந்தால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு தான் நிற்கும் தரையையே தன் கையால் பெயர்த்துப் புதிதாகப் பதிக்கிறது; சிக்கல் அங்கே இருக்கிறது. எந்தக் கல்லை முதலில் பெயர்ப்பது, எதைக் கடைசிவரை தொடாமல் விடுவது என்ற வரிசையே புதியவர் கற்க வேண்டிய பாடம்.

ஃப்ரீபிஎஸ்டியில் இந்த வழி எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து யூனிக்ஸ் காந்த நாடாக்களில் மூலநிரலோடு வெளியே போனது. அதைச் சாதாரண மேசைக் கணினியில் ஓடவைக்க வில்லியம் ஜோலிட்ஸ், லின் ஜோலிட்ஸ் இணையர் உருவாக்கிய 386பிஎஸ்டியின் தொடர்ச்சியாக, 1993 நவம்பரில் ஃப்ரீபிஎஸ்டி 1.0 வெளியானது. பெர்க்லி நிரல்மீது தொடுக்கப்பட்ட யூனிக்ஸ் உரிமை வழக்கு 1994 தொடக்கத்தில் சமரசமாக முடிந்தபின், சர்ச்சையற்ற 4.4பிஎஸ்டி-லைட் நிரலின்மீது அதே ஆண்டு நவம்பரில் 2.0 கட்டப்பட்டது. கெர்னல், சி லைப்ரரி, கோப்புகளைப் பட்டியலிடும் சிறு கட்டளைகள், கம்பைலர் ஆகிய எல்லாமே ஒரே மூலநிரல் மரத்தில் இருக்கும் ஏற்பாடு அன்றிலிருந்து மாறவில்லை. மரத்தை வைத்திருக்கும் கருவிதான் மாறியது: முதலில் சிவிஎஸ், 2008-இலிருந்து சப்வெர்ஷன், 2020 டிசம்பரிலிருந்து கிட். ஒரே மரமாக இருப்பதால்தான் ஒரு கட்டளையில் அடிப்படை அமைப்பு முழுவதையும் தொகுக்க முடிகிறது. கெர்னலை ஒரு குழுவும் சி லைப்ரரியை இன்னொரு குழுவும் தனித்தனியே வெளியிடும் லினக்ஸ் உலகில் அப்படி ஒரு கட்டளைக்கு இடமில்லை.

நீண்ட காலம் ஃப்ரீபிஎஸ்டியில் பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமென்றால் மூலநிரலைத் தொகுப்பதே வழக்கமான வழியாக இருந்தது. கோலின் பெர்சிவல் எழுதிய ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் கருவி 2007 ஜனவரியில் வந்த 6.2 வெளியீட்டில் அடிப்படை அமைப்பிலேயே சேர்ந்ததும் நிலைமை மாறியது. பழைய பைனரிக்கும் புதிய பைனரிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் இறக்கிக்கொள்ளும் அந்தக் கருவி, வெளியீடுகளை மட்டும் பின்பற்றுபவருக்குத் தொகுப்பு வேலையைத் தேவையற்றதாக்கிவிட்டது. இன்று யாருக்கு மூலநிரல்வழி வேண்டும்? வளர்ச்சிக் கிளைகளான ஸ்டேபிளையோ கரண்டையோ பின்பற்றுபவருக்கு வேண்டும். கெர்னலில் தமக்கு வேண்டாததை நீக்கி, வேண்டியதைச் சேர்ப்பவருக்கு வேண்டும். ஒரு பிழைத்திருத்தத்தை எழுதிச் சோதித்து அனுப்ப விரும்புபவருக்குக் கட்டாயம் வேண்டும். வேகம் கூடும் என்ற ஆசையில் வருகிறவருக்கு வேண்டியதில்லை. தன் செயலிக்கென்றே தொகுத்த அமைப்பு கண்ணுக்குத் தெரியும் அளவு விரைவாக ஓடும் என்ற எதிர்பார்ப்பு பெரும்பாலும் ஏமாற்றத்தில்தான் முடிகிறது. தன் இயங்குதளம் எப்படி எழுந்து நிற்கிறது என்று அறிய விரும்பும் மாணவரையும் நான் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன். இந்தக் கட்டுரைக்கு அவரே முதல் வாசகர்.

வேலையின் முதல் பாதி ஆபத்தில்லாதது. மூலநிரலை இறக்கியதும் அந்த மரத்தின் உச்சியில் இருக்கும் அப்டேட்டிங் என்ற கோப்பைத் திறந்து படிக்க வேண்டும். புதிய குறிப்புகள் மேலே, பழையவை கீழே என்று தேதிவாரியாக எழுதப்பட்ட எச்சரிக்கை ஏடு அது. நம் அமைப்பு கடைசியாகத் தொகுக்கப்பட்ட தேதி வரை கீழ்நோக்கிப் படித்தால் போதும். இதைப் படிக்காமல் தொடங்குவதே புதியவர்களின் பாதித் துன்பத்துக்குக் காரணம். அதன்பின் பில்ட்வேர்ல்ட் கட்டளை. கெர்னல் நீங்கலான அடிப்படை அமைப்பு முழுவதையும் அது தொகுக்கிறது; கெர்னலைப் பிறகு தனியே தொகுக்க வேண்டும். எடுத்தவுடன் அமைப்பைத் தொகுக்காமல், தொகுக்கத் தேவையான கருவிகளை முதலில் தொகுக்கிறது. பிறகு அந்தக் கருவிகளைக் கொண்டு புதிய கம்பைலரை உருவாக்கி, அதைக் கொண்டு லைப்ரரிகளையும், கடைசியில் மற்ற அனைத்தையும் கட்டுகிறது. பழைய கணினியில் இருக்கும் கம்பைலருக்குப் புதிய நிரலில் உள்ள ஏதோ ஒன்று புரியாமல் போகலாம் என்பதால் இந்தச் சுற்று. இருக்கும் கம்பைலரும் வரப்போகும் கம்பைலரும் ஒரே பதிப்பு என்றால் அந்தக் கட்டத்தை இப்போது தானாகவே தாண்டிவிடுகிறது. அது பெரிய லாபம். 2014 ஜனவரியில் வந்த 10.0-இலிருந்து முதன்மைக் கம்பைலராக இருக்கும் கிளாங், அது சார்ந்த எல்எல்விஎம் ஆகிய இரண்டும்தான் தொகுப்பு நேரத்தின் பெரும்பகுதியை விழுங்குகின்றன.

இத்தனையும் ஆப்ஜ் என்ற தனி அடைவுக்குள்ளேயே நடக்கிறது. ஓடும் அமைப்பின் ஒரு கோப்புகூட மாறுவதில்லை. நடுவில் மின்சாரம் போனாலும், பொறுமையிழந்து நிறுத்தினாலும், வட்டு நிரம்பிவிட்டாலும் இழப்பு நேரம் மட்டுமே. மறுபடி தொடங்கலாம். ஆகவே புதியவர் இங்கே தயங்க வேண்டியதில்லை. பிழையோடு நின்றால் அதை எப்படிப் படிப்பது என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றால் நிரலிலோ நம் அமைவிலோ குறை. ஒரு முறை இங்கே, மறுமுறை அங்கே என்று இடம் மாறி மாறி சிக்னல் 11 என்று கம்பைலர் விழுந்தால் நினைவகச் சில்லையோ சூடேறும் செயலியையோ சந்தேகிப்பது பெர்க்லி வழி வந்தவர்களின் பழைய பாடம். பல மணிநேரம் கணினியை முழு வேகத்தில் ஓட்டும் தொகுப்பைப்போல வன்பொருளைச் சோதிக்கும் வேலை குறைவு. இன்னொரு காரணமும் இப்போது அதிகம்: நினைவகம் குறைந்த கணினியில் பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் எல்எல்விஎம்மை இணைக்கும்போது இடம் தீர்ந்து, கெர்னலே கம்பைலரைக் கொன்றுவிடும். பார்க்கக் கம்பைலர் பழுதுபோலத் தெரியும். இணை வேலைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் சரியாகிவிடும்.

இரண்டாம் பாதியில்தான் அமைப்பைத் தொடுகிறோம். அங்கே வரிசை முக்கியம். முதலில் புதிய கெர்னலை மட்டும் நிறுவி, கணினியை மறுபடி எழுப்ப வேண்டும். புதிய கெர்னல் பழைய நிரல்களோடு ஓடுவதைக் கண்டபிறகே, தொகுத்த மற்றவற்றை நிறுவும் இன்ஸ்டால்வேர்ல்ட் கட்டளை. இந்த வரிசைக்குப் பின்னால் ஒரு திட்டவட்டமான காரணம் இருக்கிறது. நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்பது சிஸ்டம் கால் என்ற எண்ணிட்ட அழைப்புகளின் வழியாக. புதிய கெர்னலில் பழைய அழைப்புகளும் வைக்கப்பட்டிருக்கும். அதற்கென்றே ஒத்திசைவுப் பகுதிகள் உண்டு. பழைய கெர்னலுக்கோ நாளை வரப்போகும் அழைப்பு தெரியாது. வரிசையை மாற்றி, பழைய கெர்னல் ஓடும்போதே புதிய சி லைப்ரரியை வைத்துவிட்டால், அந்த லைப்ரரியை நம்பும் ஒவ்வொரு நிரலும் கெர்னலுக்குத் தெரியாத அழைப்பை விடுத்து அங்கேயே விழும். கோப்பை நகலெடுக்கும் கட்டளையும், அடைவைப் பட்டியலிடும் கட்டளையும், ஷெல்லும் அதில் அடக்கம். பழையதைத் திரும்ப வைக்கக்கூடக் கருவி மிஞ்சாது.

2017 மே மாதத்தில் கரண்ட் கிளையில் நடந்த மாற்றம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. கோப்புகளின் உள்ளெண்ணான ஐநோடு எண்ணை 32 பிட்டிலிருந்து 64 பிட்டாக விரித்தார்கள். கோப்பின் விவரம் கேட்கும் அழைப்பும் அடைவைப் படிக்கும் அழைப்பும் வடிவம் மாறின. அப்டேட்டிங் கோப்பு, ஆவணத்தில் சொன்ன வரிசையைப் பிசகாமல் பின்பற்றும்படி தனியாக எச்சரித்தது. சாதாரண நாட்களில் வரிசையை மீறியும் தப்பித்து வந்தவர்கள் அன்று தப்பிக்க வழியில்லை. ஒரு விதியை மீறியும் பல முறை ஒன்றும் ஆகவில்லை என்பது அந்த விதி தேவையற்றது என்பதற்குச் சான்றாகாது. இந்த மாதிரி மாற்றம் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகிறது.

இன்ஸ்டால்வேர்ல்ட் ஓடும்போது நடப்பதை நான் பொறியியல் அழகு என்றே சொல்வேன். கோப்புகளை நிறுவும் கருவியே நிறுவப்படும் கோப்புகளில் ஒன்று. அது நம்பியிருக்கும் லைப்ரரியும் அதே ஓட்டத்தில் மாறப்போகிறது. எனவே தொடங்கும் முன் தனக்கு வேண்டிய சிறு கருவிகளையும் அவற்றின் லைப்ரரிகளையும் ஒரு தற்காலிக அடைவுக்கு நகலெடுத்துக்கொண்டு, அங்கிருந்தபடி மற்றதையெல்லாம் மாற்றுகிறது. அப்படியும் ஏதாவது பிசகினால் ரெஸ்க்யூ என்ற அடைவில் எந்த லைப்ரரியையும் நம்பாமல் தனித்து ஓடக்கூடிய கருவிகளின் தொகுதி ஒன்று இருக்கிறது. சி லைப்ரரி உடைந்துபோன கணினியிலும் அந்த ஷெல் ஓடும். புதியவர் மேம்படுத்தும் நாளுக்கு முன்பே ஒருமுறை அந்த அடைவுக்குள் போய் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

கெர்னலை நிறுவியபின் ஒற்றைப் பயனர் நிலையில் எழுப்பச் சொல்கிறது கையேடு. இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு தனிப் பொறி உண்டு. அதே கணினியில் விண்டோஸும் இருந்தால் வன்பொருள் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் இருக்கும். உள்ளூர் நேரத்தைப் பொது நேரமாகத் திருத்தும் வேலை ஒற்றைப் பயனர் நிலையில் தானாக நடப்பதில்லை. கெர்னல் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு ஐந்தரை மணிநேரம் முன்னால் ஓடும். எந்தக் கோப்பு எதைவிடப் புதியது என்று தேதியை வைத்தே முடிவெடுக்கும் மேக் கருவிக்கு இது குழப்பம். அட்ஜ்கெர்ன்டிஇசட் என்ற சிறு கட்டளையை முதலில் கொடுத்துவிட்டால் நேரம் சரியாகிவிடும். கையேட்டில் ஒரு வரியாகக் கடந்துபோகும் இந்தக் கட்டளை, லண்டனில் குளிர்காலத்தில் இருப்பவருக்குத் தேவையே இல்லை.

கெர்னலும் வேர்ல்டும் மாறியபின் மிஞ்சுவது எட்சி அடைவு. என்னைக் கேட்டால் மூலநிரல்வழி மேம்படுத்தலில் மனிதக் கவனம் முழுவதும் தேவைப்படும் ஒரே இடம் இதுதான். பயனர் கணக்குகள், சேவைகளின் அமைவு, எழும்போது ஓட வேண்டிய நிரல்கள் என்று அமைப்பின் நினைவெல்லாம் அங்கே இருக்கிறது. புதிய வெளியீட்டில் அந்தக் கோப்புகளின் மூலவடிவமும் மாறியிருக்கும். நாமும் நம் தேவைக்கு மாற்றியிருப்போம். முன்பு இந்த வேலைக்கு மெர்ஜ்மாஸ்டர் என்ற கருவி இருந்தது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, எதை வைப்பது என்று கோப்புக்குக் கோப்பு கேட்கும். நூற்றுக்கணக்கான கேள்விகளுக்கு ஒரே எழுத்தைத் தட்டிப் பழகிய விரல், கடவுச்சொல் கோப்பு வரும்போதும் அதே எழுத்தைத் தட்டிவிடும். அதோடு எல்லாப் பயனர் கணக்குகளும் போய், நிர்வாகியின் கடவுச்சொல்லும் போய்விடும். புதியவர்களை அதிகம் வீழ்த்திய விபத்து அதுவாகத்தான் இருக்கும்.

ஜான் பால்ட்வின் எழுதிய எட்சிஅப்டேட் அதன் இடத்துக்கு வந்தது. அது மூன்றைப் பார்க்கிறது: முந்தைய மூலவடிவம், புதிய மூலவடிவம், நம்மிடம் இருப்பது. நாம் தொடாத கோப்பைக் கேட்காமலே புதுப்பிக்கும். நாம் மட்டும் மாற்றியதைத் தொடாது. இருபுறமும் வெவ்வேறு வரிகள் மாறியிருந்தால் இரண்டையும் சேர்த்துவிடும். ஒரே வரி இருபுறமும் மாறியிருந்தால் மட்டும் நம்மிடம் வரும். அதுவரை அமைப்பில் உள்ள கோப்பு அப்படியே இருக்கும். கேள்விகள் ஒன்றிரண்டாகக் குறைந்ததால் ஒவ்வொன்றையும் நிதானமாகப் படிக்க முடிகிறது. இதையும் இரண்டு தவணையாகச் செய்ய வேண்டும். வேர்ல்டை நிறுவும் முன்பு ஒரு சிறு தவணை, ஏனென்றால் நிறுவும்போதே தேவைப்படும் புதிய பயனரோ குழுவோ வந்திருக்கலாம். 2018-இல் நேரச் சேவைக்கென்று என்டிபிடி என்ற தனிப் பயனர் சேர்க்கப்பட்டபோது அந்த முன் தவணையை விட்டுவிட்டு நிறுவவேண்டாம் என்று அப்டேட்டிங் எச்சரித்தது. முழுத் தவணை வேர்ல்டுக்குப் பின்.

திரும்பும் வழியைப் பற்றி, மேலே சொன்ன எதையும் தொடங்கும் முன்பே யோசித்திருக்க வேண்டும். புதிய கெர்னலை நிறுவும்போது பழையது கெர்னல்.ஓல்டு என்ற பெயரில் பத்திரமாக இருக்கும். எழும்போது வரும் திரையில் அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அரைகுறையாக ஓடும் புதிய கெர்னலில் இருந்தபடி இன்னொன்றை நிறுவினால் ஓல்டு என்ற இடத்துக்கு அந்த அரைகுறை வந்துவிடும், நல்லது அழிந்துவிடும். ஆகவே நன்றாக ஓடியதை மூன்றாவது பெயரில் நகலெடுத்து வைப்பது பழையவர்களின் வழக்கம். வட்டில் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை இருந்தால் வேலை இன்னும் எளிது. 12.0-இலிருந்து அடிப்படை அமைப்பிலேயே இருக்கும் பிஇசிடிஎல் கருவி, அமைப்பு முழுவதையும் அந்த நிமிடத்து நிலையில் ஒரு பூட் என்விரான்மென்ட்டாக நொடியில் பதிந்துவைக்கும். எல்லாம் பாழானாலும் அதைத் தேர்ந்தெடுத்து எழுப்பினால் நேற்றைய அமைப்பு அப்படியே நிற்கும். என் பார்வையில், புதியவருக்கு மூலநிரல்வழியைத் துணிந்து பரிந்துரைக்க முடிவது இந்த வசதி வந்தபிறகுதான்.

அந்தப் பாதுகாப்பு வலைக்கும் ஓர் ஓட்டை உண்டு. மேம்படுத்தியபின் வட்டுத்தொகுதியில் புதிய வசதிகள் கிடைக்கின்றன, இசட்பூல் அப்கிரேடு கொடுத்து அவற்றை இயக்கலாம் என்று அமைப்பு நினைவூட்டும். கொடுத்தால் திரும்ப முடியாது. பழைய என்விரான்மென்ட்டில் இருக்கும் கெர்னலுக்கு அந்த வடிவம் புரியாமல் போகலாம். அதைவிட மோசம், ஈஎஃப்ஐ பகுதியில் கிடக்கும், கெர்னலை எழுப்பும் லோடரை இன்ஸ்டால்வேர்ல்ட் புதுப்பிப்பதில்லை. பழைய லோடருக்குத் தொகுதியைப் படிக்கத் தெரியாவிட்டால் கணினி எழவே எழாது. முதலில் லோடரைக் கையால் நகலெடுக்க வேண்டும், சில வாரம் கழித்தே அந்தக் கட்டளையைப் பற்றி நினைக்க வேண்டும். அவசரப்பட ஒரு காரணமும் இல்லை.

வெளியிலிருந்து நிறுவிய மென்பொருள்கள் இதில் சேராதவை, அவற்றைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். வரைகலை இயக்கியான டிஆர்எம்-கேமாட் கெர்னலுக்குள் ஏறும் பகுதி. புதிய கெர்னலுக்கு ஏற்ப அதைத் தொகுக்காவிட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். மேசைக் கணினியில் இதை முதல்முறை பார்ப்பவர் மேம்படுத்தலே தோற்றுவிட்டது என்று எண்ணிவிடுகிறார். பழைய லைப்ரரிகளை அழிக்கும் கடைசிப் படியையும் இந்த மென்பொருள்களை எல்லாம் புதுப்பித்த பிறகே எடுக்க வேண்டும்.

இனி மற்ற குழுக்கள் இதே கேள்வியை எப்படி எதிர்கொள்கின்றன என்று பார்க்கலாம். நெட்பிஎஸ்டி, பில்ட்.எஸ்எச் என்ற ஒரே ஸ்கிரிப்டின் மூலம் தொகுப்பை ஓடும் அமைப்பிலிருந்தே பிரித்துவிட்டது. லினக்ஸ் கணினியில், நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணப் பயனராக உட்கார்ந்து, வேறொரு செயலிக்கான நெட்பிஎஸ்டி முழுவதையும் தொகுக்கலாம். வலுக்குறைந்த பழைய கணினியை வைத்திருப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள ஏற்பாடு இல்லை: தொகுப்பு வேறிடத்தில், நிறுவல் மட்டும் இங்கே.

ஓபன்பிஎஸ்டி, பழைய அழைப்புகளை நீண்ட காலம் சுமக்க விரும்பாத குழு. ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு. இடையே நிரலின் இடைமுகங்கள் தயக்கமின்றி மாறும். 2014 மே மாதத்தில் வந்த 5.5-இல் நேரத்தைக் குறிக்கும் எண்ணை எல்லாச் செயலிகளிலும் 64 பிட்டாக மாற்றினார்கள். 2038-இல் 32 பிட் எண் நிரம்பி நேரம் பின்னோக்கித் தாவும் சிக்கலை அதோடு தீர்த்துக்கொண்டார்கள். பழையதையும் புதியதையும் ஒன்றாக ஓடவைக்கும் பாலத்தைக் கட்டாமல், அந்த உழைப்பை அமைப்பைச் செப்பனிடுவதில் செலவழிப்பது அவர்கள் தேர்வு. பாலம் இல்லாத இடத்தில் புதியவரை மூலநிரலோடு நடக்கச் சொல்ல முடியாது. அதனால்தான் அந்த அறிவுரை. 2019-இல் 6.6 வெளியீட்டோடு வந்த சிஸ்அப்கிரேடு கட்டளை, பைனரிகளை இறக்கி, சிறு நிறுவல் கெர்னலில் எழுந்து, எல்லாவற்றையும் மாற்றிவிட்டுத் திரும்பி எழுகிறது. தரையைப் பெயர்க்கும்போது அதன்மீது நிற்காமல் இருப்பது அவர்கள் கண்ட தீர்வு. ஆக, இரு குழுவின் அறிவுரையும் ஒரே சிக்கலுக்கான இரண்டு விடைகள்.

லினக்ஸில் கெர்னலை மட்டும் மூலநிரலிலிருந்து மேம்படுத்துவது புதியவருக்கு எளிய தொடக்கம். பயனர் நிரல்களை உடைக்கக்கூடாது என்பதை லினஸ் டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுக்காத விதியாக வைத்திருப்பதால் புதிய கெர்னல் பழைய அமைப்போடு ஓடும். பழைய கெர்னல் எழுப்புப் பட்டியலில் பக்கத்திலேயே இருக்கும். இப்போதைய அமைவை எடுத்துக்கொண்டு புதிய கேள்விகளுக்கு மட்டும் விடை கேட்கும் ஓல்டுகான்ஃபிக் இருக்கிறது. லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச் இன்னொரு முனை. ஜெரார்ட் பீக்மன்ஸ் 1999-இல் தொடங்கிய அந்த நூல் ஒவ்வொரு மென்பொருளையும் கையால் தொகுத்து அமைப்பைக் கட்டச் சொல்கிறது. ஆனால் கட்டியதை மேம்படுத்தும் வழியாக அது எழுதப்படவில்லை. சி லைப்ரரியை மாற்ற நேர்ந்தால் அமைப்பையே புதிதாகக் கட்டுவது பாதுகாப்பானது என்று அந்த நூலே சொல்கிறது.

ஜென்டூ வேறு இயல்பு கொண்டது. டேனியல் ராபின்ஸ், மென்பொருள்களை மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவும் ஃப்ரீபிஎஸ்டியின் போர்ட்ஸ் முறையால் கவரப்பட்டு அதை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார், 1.0 வெளியீடு 2002 மார்ச்சில் வந்தது. இங்கே ஒரே நாளில் மாறும் மொத்த அமைப்பு என்று ஒன்றில்லை. நூற்றுக்கணக்கான மென்பொருள்கள் தனித்தனியே, ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்பதை யூஸ் கொடிகளால் நாமே தீர்மானிக்கலாம். அந்தச் சுதந்திரமே சுமையும்கூட. பைத்தான் பதிப்பு மாறும் காலத்தில், ஒன்று மற்றதைத் தடுக்கும் பட்டியல் திரையை நிறைக்கும். வாரம் ஒருமுறை மேம்படுத்துபவருக்கு அது சிறு முடிச்சு. ஓராண்டுக்கு மேல் விட்டுவிட்டவருக்கு, பொதி மேலாளரைப் புதுப்பிக்கவே புதிய பொதி மேலாளர் வேண்டும் என்ற நிலை வந்துவிடும். 2023 டிசம்பர் இறுதியில் ஜென்டூவே அதிகாரப்பூர்வ பைனரிகளை வழங்கத் தொடங்கியது. பெரிய மென்பொருள்களைப் பைனரியாகவும், தன் விருப்பம் வேண்டியவற்றை மட்டும் மூலநிரலாகவும் எடுப்பது இப்போது இயல்பான வழி. இதைப் பின்வாங்கல் என்று சிலர் வருந்தினார்கள். கவனம் தேவைப்படும் இடத்துக்கே கவனத்தைச் செலவிட இது இடம் தருகிறது என்பதால் நான் வரவேற்கிறேன்.

மூலநிரல்வழிக்கு ஆதரவாக அடிக்கடி முன்வைக்கப்படும் நம்பிக்கை வாதத்தையும் எடை போட வேண்டும். நானே தொகுத்தேன், ஆகவே இதில் ஒளிந்திருப்பது ஒன்றுமில்லை என்பது அந்த வாதம். கென் தாம்சன் 1984-இல் அச்சான தன் டூரிங் விருது உரையில் இதன் அடித்தளத்தையே கேள்வி கேட்டார்: கம்பைலருக்குள் ஒரு கள்ள வழியை வைத்து, அது தன்னையே மறுபடி தொகுக்கும்போதும் அந்த வழியைப் புகுத்தச் செய்தால், மூலநிரலில் தடயமே இருக்காது. பில்ட்வேர்ல்ட் நம் பழைய கம்பைலரில்தான் தொடங்குகிறது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் சுருக்கக் கருவியில் கண்டுபிடிக்கப்பட்ட சதி இன்னும் நடைமுறைக்கு நெருக்கமானது. 5.6.0, 5.6.1 பதிப்புகளின் வெளியீட்டுப் பொதியில், கிட் களஞ்சியத்தில் இல்லாத ஒரு தொகுப்புக் கோப்பு சேர்க்கப்பட்டிருந்தது. சோதனைக் கோப்புகளுக்குள் ஒளித்திருந்த நஞ்சை அது தொகுப்பின்போது எடுத்துக் கலந்தது. எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் அதைப் பிடித்தார். தாமே தொகுத்ததனால் மட்டும் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரே நிரலை யார் எங்கே தொகுத்தாலும் பிட் மாறாமல் ஒரே பைனரி வரவேண்டும், பலர் தொகுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று டெபியன் 2013-இலிருந்து உழைத்துவரும் மீளுருவாக்கத் தொகுப்பு முயற்சியே இதற்குப் பொருத்தமான விடை. தனியாள் தொகுப்பது அதில் ஒரு சாட்சியாக ஆகலாம், காவலாக ஆகாது.

மூலநிரல்வழி தரும் உறுதியான பலன் வேறிடத்தில் இருக்கிறது. மேம்படுத்தியபின் ஒரு கருவி வேலை செய்யவில்லை என்றால், பைனரி வழியில் வந்தவர் அதைச் சொல்ல மட்டுமே முடியும். தொகுக்கத் தெரிந்தவர் எந்த மாற்றத்தால் நின்றது என்று சுட்டிக்காட்ட முடியும். நல்ல நாளுக்கும் கெட்ட நாளுக்கும் இடையே ஆயிரம் மாற்றங்கள் நடந்திருந்தாலும், நடுவில் உள்ளதைத் தொகுத்துப் பார்த்துப் பாதியாகப் பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் பத்துத் தொகுப்புகளில் குற்றவாளி சிக்கும். நெட்ஃபிளிக்ஸ் தன் படங்களை விநியோகிக்கும் சர்வர்களில் ஃப்ரீபிஎஸ்டியின் வளர்ச்சிக் கிளையையே தொடர்ந்து பின்பற்றிவருவதற்கும் இதே கணக்குதான் அடிப்படை. இடைவெளி சிறிதாக இருந்தால் தேட வேண்டிய பரப்பும் சிறிது; பல ஆண்டு மாற்றத்தை ஒரே நாளில் விழுங்குபவருக்கு எது எதனால் உடைந்தது என்று பிரித்தறிய வழியில்லை.

புதியவர் எங்கே தொடங்கலாம்? மெய்நிகர்க் கணினி ஒன்றில் இசட்எஃப்எஸ்ஸோடு ஒரு வெளியீட்டை நிறுவி, அதே வெளியீட்டின் பாதுகாப்புத் திருத்தக் கிளையைத் தொகுப்பதில் தொடங்கலாம். மாற்றங்கள் மிகக் குறைவு, வரிசை முழுவதும் அதேதான். அங்கே சிலவற்றை வேண்டுமென்றே செய்துபார்க்க வேண்டும்: கெர்னல்.ஓல்டில் எழுப்பிப் பார்ப்பது, எட்சியில் ஒரு கோப்பை மாற்றி முரண்பாடு வரவழைத்துத் தீர்ப்பது, இன்ஸ்டால்வேர்ல்டைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பழைய பூட் என்விரான்மென்ட்டுக்குத் திரும்புவது. அடுத்து ஸ்டேபிள் கிளை, அதன்பின் சொந்தக் கணினி. கரண்ட் கிளைக்குப் போகிறவர், அதில் பிழை தேடும் சோதனைகள் இயல்பாகவே இயக்கப்பட்டிருக்கும், அதனால் வேகம் குறையும் என்று தெரிந்துகொண்டு போகலாம். ஃப்ரீபிஎஸ்டி 15.0 அடிப்படை அமைப்பையே தனித்தனிப் பொதிகளாகப் பிரித்து வழங்கும் முறையைக் கொண்டுவந்திருப்பதால், வரும் ஆண்டுகளில் பைனரி வழி இன்னும் எளிதாகும். நம் மூலநிரல் மரத்திலிருந்தே அத்தகைய பொதிகளை உண்டாக்கவும் அதில் வழி உண்டு. ஒரு வலுவான கணினியில் தொகுத்து, வீட்டிலோ கல்லூரி ஆய்வகத்திலோ உள்ள மற்றவற்றை அந்தப் பொதிகளாலேயே புதுப்பிக்கலாம். அப்போதும் கெர்னல் முதலில், வேர்ல்ட் பிறகு, எட்சி கடைசியில்.